ஆளில்லாமல் ஓடாத ஜீப்

மணிராஜின் ஜீப்பில் இதுவரை பதினொரு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அவற்றில் ஐந்தாவது அவருடையது.

கல்லூத்து எஸ்டேட்டிலிருந்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு அந்த நாளில் மூன்று மணி நேரப் பாதை. வலி எடுத்த பெண்ணைப் பின்னால் படுக்கவைத்துக் கிளம்பினால், பாதி வழியிலேயே பிள்ளை அவசரப்படும். கூட வரும் பெண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி, சேலையை விரித்து மறைப்புக் கட்டுவார்கள். மணிராஜ் தள்ளிப்போய் மலையைப் பார்த்து முதுகைக் காட்டி நிற்பார். அழுகைச் சத்தம் கேட்டதும் வந்து வண்டியை எடுப்பார். ஐந்தாவது முறை மட்டும் அப்படி நிற்க முடியவில்லை. உள்ளே இருந்தது மனைவி முத்துராணி.

பெண் குழந்தை. விஜயஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். ஏழு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைக்கு நிழல் தருவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த சில்வர் ஓக் மரங்களில் ஒன்றின் கீழ் அடக்கம் செய்தார்கள். பிறகு ஒரு மகன் பிறந்தான். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான்.

குத்தகைக் காலம் முடிந்து, 2018இல் எஸ்டேட்டை மூடினார்கள். வேலை வாங்கிய கங்காணி, கொழுந்து பறித்தவர்கள், கடை வைத்திருந்தவர் எல்லோரும் இறங்கி வந்து ஆற்றங்கரை ஊர்களில் ஆளுக்கொரு பக்கமாகக் குடியேறினார்கள். மணிராஜ் ஆழ்வார்குறிச்சிக்கு வந்தார். ஜீப்பையும் கொண்டுவந்தார். மலையில் மனிதர்களை ஏற்றிய வண்டி கீழே வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றுகிறது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஜீப்புக்கு முப்பதைத் தாண்டிவிட்டது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் வனத்துறை மேலே விடும். சித்திரையில் பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழா. காலையில் ஏறி, மாலை நான்கு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அந்த ஒரு நாளில்தான் முத்துராணி அந்த மரத்தடிக்குப் போவார். மற்றவர்கள் கோயில் வாசலில் பொங்கல் வைக்க, அவர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

2023 டிசம்பர் மழை அந்தப் பாதையை அறுத்துவிட்டது. மறுவருடம் எந்த வண்டியும் போகவில்லை. கால் உள்ளவர்கள் நடந்தார்கள். முத்துராணிக்கு வலது முழங்கால் மடங்காது, போகவில்லை. கொடை அன்று காலையில் வாசல் தெளித்தவர், சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை மணிராஜோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமில்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

போன சித்திரைக்கு முன்பு தகவல் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை இந்த முறை விடுவார்கள். பாதை மட்டும் அப்படியேதான் கிடக்கிறது. குறுக்கே ஓடைகள், அறுந்த ஓரங்கள், தலையணை அளவுக் கற்கள்.

"போயிருவமா?" என்று முத்துராணி கேட்டார்.

"போயிருவம்" என்றார் மணிராஜ். சொன்ன பிறகுதான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

அம்பாசமுத்திரத்தில் ஜீஷானின் பட்டறை. முப்பத்தைந்து வயதுக்காரர், மலை ஜீப்புகளைப் பழுதுபார்த்த அப்பாவிடமிருந்து தொழிலை எடுத்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலிப் பையன்கள் புது ஜீப்புகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இன்னும் தூக்குங்க" என்று சொல்வது அவருக்குப் பழகிய விஷயம். மணிராஜ் அதையே சொன்னபோதுதான் ஆச்சரியப்பட்டார்.

தூக்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜீப்பின் உடம்பு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டையைக் கனமாக்கி, அதைத் தாங்கும் கொக்கியை நீளமாக்கினால் உடம்பு உயரும். ஆனால் கல்லில் முட்டுவது உடம்பு மட்டுமில்லை. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸிலின் நடுவே ஓர் இரும்பு உருண்டை தொங்குகிறது. உடம்பை எவ்வளவு தூக்கினாலும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். பெரிய டயர் மாட்டினால் சக்கரம் மேலே ஏறும்போது மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்கத்தான் உடம்பைத் தூக்குகிறார்கள்.

இன்னொரு சாமானும் உண்டு: ஷாக். ஒரு குழாய், அதற்குள் போய்வரும் ஒரு தண்டு. ஒரு முனை உடம்போடும் மறுமுனை ஆக்ஸிலோடும் கட்டியிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு உள்ளே போகும். பள்ளத்தில் இறங்கினால் வெளியே வரும். இரண்டுக்கும் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டுவிட்டால் அது ஷாக் இல்லை. வெறும் இரும்புக் கம்பி.

மணிராஜின் ஜீப் இரண்டரை அங்குலம் உயர்ந்தது. பட்டை ஒன்று கூடியது. டயர் பெரிதானது. ஷாக் மட்டும் பழையது.

"அண்ணாச்சி, ஷாக்கும் நீளமா வாங்கி மாட்டிருவமா?" என்று ஜீஷான் கேட்டார்.

"மொதல்ல அரிசி மூட்டைய ஏத்து. ஏத்திட்டுப் பாப்பம்."

அந்த மலைப் பாதைக்காரர்களின் வழக்கம் அது. பக்கத்து அரவை மில்லிலிருந்து மூட்டைகளைக் கடன் வாங்கி, ஜீப்பில் அடுக்கி, சுமையோடு நிற்கும் வண்டியைத்தான் அளப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் இரண்டு விரல். ஜீஷானின் அப்பாவும் இப்படித்தான் அளந்தார்.

மூட்டை ஏறியது. வண்டி இறங்கியது. நான்கு விரல் நுழைந்தது. மணிராஜ் தரையில் படுத்து ஷாக்கைப் பார்த்தார். தண்டு பாதி உள்ளே, பாதி வெளியே.

"பாத்தியா, சரிபாதியா நிக்கி. இதுக்கு மேல நீளம் என்னத்துக்கு?"

"காலியா ஒரு தடவ பாத்துருவமா?"

"காலியாவா? நம்ம வண்டி என்னைக்குலே காலியாப் போயிருக்கு?"

ஜீஷானும் சிரித்துவிட்டார். உண்மைதானே.

கல்லூத்தில் ஜீப் காலியாக நகர்ந்ததே கிடையாது. கீழே போகிற அன்று மணிராஜ் லயன் முனையில் நின்று ஹாரன் அடிப்பார். ஆள் நிறையும்வரை அடிப்பார். முன்சீட்டு கர்ப்பிணிகளுக்கும் எஸ்டேட் பள்ளி டீச்சருக்கும். பின்னால் எதிரெதிர் பலகைகளில் மடிமேல் மடியாக மற்றவர்கள். காலடியில் கோழி. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி டயரின் மேல் காசிலிங்கம். அவர் கங்காணி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் காற்று வாங்க அதுதான் வசதி என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் சினிமா பார்த்துவிட்டு ஏறும்போது கதாநாயகன் பக்கம் பாதிப் பேர், வில்லன் பக்கம் பாதிப் பேர் என்று சண்டை நடக்கும். ஆனைக்கல் வளைவு வந்ததும் சண்டை நிற்கும். அங்கே பாதை பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்கும். யாரும் சொல்ல வேண்டாம். வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் மலைப் பக்கமாகச் சாய்வார்கள், கைக்குழந்தையைக்கூடச் சாய்த்துப் பிடித்தபடி. வளைவு முடிந்ததும் நிமிர்ந்து சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

மணிராஜுக்கு அந்தக் கனம் கையில் தெரியும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே ஸ்டீயரிங்கில் சொல்லிவிடுவார். கீழே வந்த பிறகு வாழைத்தார் ஏற்றினாலும் அப்படிச் சாயத் தாருக்குத் தெரியவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

கொடை அன்று காலை சோதனைச்சாவடியில் ஜீப்புக்காக எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பொங்கல் பானை, தேங்காய்ப் பை, சாமிக்குப் பட்டு. எழுபதைத் தொடும் காசிலிங்கமும் இருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னலே மணி, ஒட்டகம் வாங்கிட்டியா? ஏறுததுக்கு ஏணி எங்க?"

"ஏறும் காசியண்ணே, தூக்கி விடுதேன்."

ஏற முடியவில்லை. வனக்காவலர் இசக்கியப்பன் கை காட்டி மறித்தார். இளைஞர்; ராதாபுரத்துக்காரர்; மலைக்கு மாற்றலாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதை மோசமாக இருப்பதால் இந்த முறை ஒரு வண்டிக்கு ஓட்டுநர் போக மூன்று பேர்தான். அதில் ஒருவர் காவலர்.

"என்ன வே இது? பதினாலு பேரு போன வண்டி வே" என்றார் காசிலிங்கம்.

"வண்டி போவும் அண்ணாச்சி. பாதை போயிருச்சுல்லா" என்றார் இசக்கியப்பன். "நடக்குதவங்க குறுக்குப் பாதையில நடக்கலாம். அதுக்குத் தடை இல்ல."

"உங்க ஊர்ல மேடுன்னா தேரி மணலுதான். நீரு எங்களுக்குப் பாதை சொல்லுதீரு." காசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானையைத் தலையில் வைத்த பெண்களோடு நடந்தார்.

ஜீப்பில் முத்துராணி, மணிராஜ், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள என்று வந்த ஜீஷான், இசக்கியப்பன். நான்கே பேர். பின்பலகைகள் காலி. மணிராஜ் முதல் வளைவிலேயே உதட்டைச் சுழித்தார். ஸ்டீயரிங் கையில் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

முதல் ஓடையில் இறங்கும்போது அடியில் 'டொக்' என்றது. ஜீஷான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி 'டொக்'. எல்லையைத் தொட்ட தண்டு குழாயின் வாயில் மோதும் சத்தம் அது.

இரண்டாவது ஓடை பாதையைக் குறுக்காக வெட்டியிருந்தது. இடது முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் வந்து, இறங்காமல் அந்தரத்தில் நின்றது. வலது பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துச் சும்மா சுழன்றது. ஜீஷான் குதித்து இறங்கிப் பார்த்தார். டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்.

"சக்கரம் எறங்க மாட்டேங்கு அண்ணாச்சி. ஷாக்கு பிடிச்சு வச்சிருக்கு."

"எல்லாரும் எறங்குங்க. பாரம் கொறஞ்சா ஏறிரும்" என்றார் மணிராஜ். மாட்டிக்கொண்ட வண்டிக்கு எல்லா ஊரிலும் செய்கிற வைத்தியம். இசக்கியப்பன் இறங்கினார். முத்துராணி கம்பியைப் பிடித்துப் பைய இறங்கினார். மணிராஜ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். இடது முன் ஷாக்கின் போல்ட் அறுந்து ஓடையில் விழுந்தது.

முத்துராணி ஓரமாக நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நாங்க எறங்குனதும் வண்டி இன்னும் எந்திரிச்சில்லா நிக்கி" என்றார்.

மணிராஜ் இறங்கி வந்து பார்த்தார். அப்படித்தான் நின்றது, முதுகை வளைத்த பூனை போல. கூடுதல் பட்டை வைத்த ஸ்பிரிங்கை அழுத்த மேலே ஆளில்லை. உடம்பு எழும்ப எழும்ப, பழைய ஷாக் தன் நீளம் முழுவதையும் நிற்பதற்கே செலவழித்துவிட்டது. பள்ளத்தில் இறங்க அதனிடம் மிச்சம் இல்லை. மூட்டை ஏற்றி அளந்தபோது சரிபாதியாக நின்ற தண்டு இப்போது முழுக்க வெளியே தொங்கியது.

"நீ அன்னைக்கே கேட்டலே, காலியாப் பாப்பமான்னு."

"நானும் சிரிச்சேம்லா அண்ணாச்சி."

மணி பன்னிரண்டு. பாதி வழி. முத்துராணி பாதையில் நடக்கத் தொடங்கினார். வலது காலை இழுத்து வைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துத் தள்ளி, மறுபடி இழுத்து வைத்து.

"ஏட்டி, நில்லு."

"நீங்க வண்டியப் பாருங்க. நான் பைய போறேன்."

"நில்லுன்னு சொல்லுதேம்லா. அந்தக் கால வச்சுக்கிட்டு விடிய விடிய நடந்தாலும் போய்ச் சேரமாட்ட."

அவர் நின்றார். திரும்பவில்லை.

மணிராஜ் சுற்றிலும் பார்த்தார். மழையில் சரிந்த தாங்குசுவரின் கற்கள் ஓரத்தில் குவியலாகக் கிடந்தன. ஆளுக்கொன்று தூக்கக்கூடிய அளவு. ஒன்றைத் தூக்கிக் கொண்டுபோய் ஜீப்பின் பின்னால் போட்டார். ஜீஷானுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆள் இல்லேன்னா கல்லு" என்றார் மணிராஜ்.

"அண்ணாச்சி, நில்லுங்க நில்லுங்க" என்று இசக்கியப்பன் பதறி வந்தார். "காட்டுல இருந்து ஒரு கூழாங்கல்லக்கூட எடுத்துட்டுப் போவப்பிடாது. வேலை போயிரும்."

"கீழயா கொண்டுபோறோம்? மேலதான போறோம். மேலயும் காடுதான?"

இசக்கியப்பன் யோசித்தார். விதியில் இதற்கு இடம் இருப்பதாகவும் தெரியவில்லை, இல்லாததாகவும் தெரியவில்லை. பாதையில் திரும்பாமல் நிற்கும் முத்துராணியைப் பார்த்தார். "மேல போனதும் எறக்கிரணும்" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி அவரும் ஒரு கல்லைத் தூக்கினார்.

பின்பக்கம் பலகை உயரத்துக்குக் கல் நிறைந்தது. மூட்டை ஏற்றி அளந்த உயரத்துக்கு வண்டி இறங்கியது. முன்பக்கத்தில் மிச்சமிருந்த ஒரு ஷாக்கையும் ஜீஷான் கழற்றிவிட்டார்; இனி முன்சக்கரங்கள் பட்டை விட்ட அளவுக்கு இறங்கும், குலுக்கலுக்கு மட்டும் பொறுப்பில்லை. பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று படுத்துப் பார்த்தார். இழுபடவில்லை. மணிராஜ் வண்டியை எடுத்தார். முன்சக்கரம் ஓடைக்குள் கால் வைப்பது போல இறங்கி, ஏறியது. முத்துராணி நின்ற இடத்தில் வண்டி நின்று அவரை ஏற்றிக்கொண்டது.

பிறகு நடை வேகம்தான். ஒரு கல்லில் வண்டி எகிறி விழுந்தபோது டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகும் வாடை வந்தது. மணிராஜ் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

குறுக்குப் பாதையில் நடந்தவர்கள் முன்பே வந்து பொங்கல் வைத்து முடித்திருந்தார்கள்.

"ஒட்டகம் நொண்டிருச்சோ?" என்றார் காசிலிங்கம். பின்னால் எட்டிப் பார்த்தவர், "கல்லு ஏறலாம், கங்காணி ஏறக்கூடாது. நல்ல சட்டம் வே" என்று இசக்கியப்பனிடம் சொன்னார்.

லயன் வீடுகளுக்குக் கூரை இல்லை. தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்துவிட்டது, நடுவே உண்ணிச்செடி. முத்துராணி கிணற்றடியில் நின்று பார்த்தார். கிணற்றிலிருந்து நேரே மூன்றாவது சில்வர் ஓக். மரம் இருந்தது. அடியில் வைத்திருந்த அடையாளக் கற்கள் இல்லை. மழை கொண்டுபோயிருக்கலாம், யானை தள்ளியிருக்கலாம். மணிராஜ் செடிகளை ஒடித்து வழி செய்தார். முத்துராணி மரத்தைத் தொட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, தரையைக் கையால் துடைத்தார்.

"இங்கனதான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கியப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "கல்ல எங்கன எறக்கச் சொல்ல?"

முத்துராணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த மண்ணைக் காட்டினார்.

ஜீப் மரம்வரைக்கும் வராது. ஜீஷானும் இசக்கியப்பனும் மணிராஜும் சுமந்தார்கள். முத்துராணி உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றையும் வாங்கிச் சுற்றிலும் வைத்தார். ஒரு தொட்டில் அளவுக்கு வரிசை வந்ததும் போதும் என்றார். மீதிக் கல்லை மரத்தடியிலேயே போட்டார்கள். வாழை இலையில் கொஞ்சம் பொங்கலை நடுவில் வைத்துவிட்டு எழுந்தார்.

மணி நான்கை நெருங்கியபோதுதான் ஜீஷானுக்கு உறைத்தது. "கல்லு போச்சே அண்ணாச்சி. எறங்கையில பின்பக்கம் மறுபடியும் எந்திரிக்குமே."

"கல்லு போனா என்னலே? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் காசிலிங்கம்.

எல்லோரும் இசக்கியப்பனைப் பார்த்தார்கள். அவர் பாதையைப் பார்த்தார்.

"மூணு பேருக்கு மேல ஏத்தினா நான் பதில் சொல்லணும்" என்றார். "வண்டி கவுந்தாலும் நாந்தான் பதில் சொல்லணும்." தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "ஏறுங்க. சாவடிக்கு முந்தின வளைவுல எறங்கிரணும்."

சொல்லி முடிக்கவில்லை, பலகைகள் நிறைந்துவிட்டன. காலிப் பானைகள் காலடிக்குப் போயின. காசிலிங்கத்தை இரண்டு பேர் தூக்கி ஸ்டெப்னி டயரில் உட்காரவைத்தார்கள். மணிராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல், "பன்னெண்டு" என்றார். சரியாக இருந்தது.

இறங்கும்போது யாரோ பழைய சினிமாச் சண்டையை ஆரம்பித்தார்கள். வில்லன் பக்கத்துக்கு ஆள் குறைவு; அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஆனைக்கல் வளைவில் பேச்சு நின்றது. ஒரே மூச்சில் அத்தனை பேரும் மலைப் பக்கம் சாய்ந்தார்கள். இசக்கியப்பன் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார்.

காசிலிங்கம் பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "ஏ ராதாபுரம், இந்தப் பக்கம் சாயும் வே!"

வண்டி நிறையச் சிரிப்பு. ஓடைகளில் 'டொக்' ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

முத்துராணி முன்சீட்டில் மண் காய்ந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாவடி விளக்கு தெரிந்தபோது மணிராஜ் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு கல்லு ஆடுது. அடுத்த வருஷம் மண்ணு அணைக்கணும்."

"அணைப்பம்" என்றார் மணிராஜ்.

ஜீஷான் நீளமான ஷாக்குகளுக்குத் திருநெல்வேலியில் சொல்லிவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள். முதலில் காலி வண்டியை அளப்பார்கள். மூட்டை ஏற்றுவது அதற்குப் பிறகு.